டேப்பெட் சத்தம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓசைப்படாமல் தெருவுக்குள் கொண்டுவர முடியாது. பானெட்டுக்கு அடியில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி நடந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே செய்த வண்டி. 948 சிசி எஞ்சின், நான்கு கதவு. அப்பா வாங்கியது. அவருக்குப் பிறகு பல வருஷம் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கைக்கு வந்தது. வண்டி பிடித்தது. அந்த டிக் டிக் மட்டும் பிடிக்கவில்லை. பின்னால் நான் செய்த அசட்டுத்தனம் அத்தனைக்கும் அதுதான் வேர்.

சத்தம் எதனால் வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வால்வையும் ஒரு ராக்கர் தட்டித் திறக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது ராக்கரின் மூக்குக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். பட்டறையில் டேப்பெட் கேப் என்பார்கள். ஹெரால்டுக்குப் பத்து தௌ. அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்துப் பங்கு. ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். சூட்டில் வால்வு நீளும். நீளுவதற்கு இடம் விடவில்லை என்றால் அது முழுசாக மூடாது. அந்த இடைவெளியைத் தாண்டி வந்து ராக்கர் தட்டுவதுதான் நமக்குக் கேட்கிறது.

வண்டியை எழுப்பிக் கொடுத்த மெக்கானிக் பாய் முதல் நாளே சொன்னார்: “சார், ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி கொண்டாந்து காட்டுங்க. கேப் பாத்துடலாம். ஹெட்டு ஒரிஜினல், யாரும் கை வெக்கல. பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்ல.” சரி பாய் என்றேன். போகவில்லை. கேப் பார்ப்பது பத்து நிமிஷ வேலை, அதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? அவர் கடைசியாகச் சொன்னாரே, பெட்ரோல், அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் பாதி இன்னும் மறக்கவில்லை. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில், தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தை எரிபொருளில் கொஞ்சம் கலந்து பார்த்தார். எஞ்சினின் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்கில்லாமல் வெடிக்கிற தட்டல், அடங்கிவிட்டது. 1923-ல் பங்க்குக்கு வந்தது. 1924-ல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் சித்தம் கலங்கிச் செத்துப்போனார்கள். அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார். அதற்கு முந்தைய வருஷம்தான் அவரே ஈய நஞ்சுக்கு ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற அந்தச் சரக்கைச் சாலை வண்டிகளின் பெட்ரோலில் உலகம் முழுக்கக் கைவிட, அந்த டிசம்பரிலிருந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில். நம் நாட்டில் 1994-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயத்தின் அளவைக் குறைத்தார்கள். 1995 ஏப்ரலில் அங்கே ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அது ஒன்றுதான். ஈயம் போனதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. நானும் பேரக்குழந்தைகளைத் தூக்கியவன்தான்.

ஆனால் ஈயம் நாக்கிங்கை அடக்கியதோடு நிற்கவில்லை. யாரும் கேட்காமலே இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்திலும் அது வந்து உட்காரும் சீட்டிலும் மெல்லிய பூச்சாகப் படியும். ஹெரால்டு மாதிரிப் பழைய எஞ்சின்களில் சீட் என்று தனி உறுப்பு கிடையாது. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்து விட்டிருப்பார்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் இந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அப்படியானால் செக்கச்செவேலென்று காய்ந்த ஒரு வால்வு, நொடிக்கு 25 தடவைக்கு மேல் அந்த இரும்பில் வந்து மோதுகிறது. நடுவில் பூச்சு இல்லையென்றால் மோதும் இடங்களில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த திறப்பில் பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்த துகள் உப்புத்தாள் வேலை செய்யும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். இன்லெட் வால்வுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. உள்ளே வரும் பெட்ரோல் காற்று அதைக் குளிரவைத்துவிடுகிறது.

இதற்கு மருந்துகள் உண்டு. ஈயத்துக்குப் பதிலாக சீட்டில் படியக்கூடிய வேறு சேர்மங்கள். பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், மாங்கனீஸ் என்று நான்கு குடும்பம். ஒன்றை ஊற்றினால் அதையே ஊற்ற வேண்டும், மாற்றிமாற்றிக் கலக்கக் கூடாது. ஈயப் பெட்ரோல் நிற்கப்போகிற சமயத்தில், 1999-ல், பிரிட்டனின் பழைய வாகனக்காரர் கூட்டமைப்பு கடையில் விற்ற பாட்டில்களை மைரா ஆய்வு நிலையத்துக்கு அனுப்பி எஞ்சினில் ஓட்டிப் பார்க்க வைத்தது. சில தேறின. சில தேறவில்லை. இதையெல்லாம் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு இழுத்து வைத்திருந்தேன்.

நோட்டு இருந்தால் கேட்க ஆள் வேண்டும் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்கள் சிலர் பீச் ரோட்டில் கூடுவோம். காபி ஆறுவதற்குள் நான் பொட்டாசியத்தில் ஆரம்பித்து மாங்கனீசில் முடித்துவிடுவேன். மாரிஸ் மைனர் வைத்திருந்த ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் மட்டும் முழுசாகக் கேட்பார். நடுநடுவே “சொல்லுங்க சார், நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்க” என்பார். எனக்கு அது போதும்.

தேறிய பாட்டில் ஒன்றை லண்டனில் இருக்கும் அக்கா மகனிடம் கேட்டேன். “மாமா, தீப்பிடிக்கிற சாமானை பிளேன்ல கொண்டுவர விடமாட்டான்” என்று சொல்லிவிட்டான். நியாயம்தான். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஒரு நாள் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் பளபளவென்று ஒரு பாட்டில். மேலே பெரிய எழுத்தில் ஆக்டேன், அதற்குக் கீழே ஈயத்துக்கு மாற்று என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேனா என்றால், இல்லை. கட்டம் கட்டி நோட்டுப் போட்டவன், அது எந்தக் குடும்பம் என்று பார்க்கவில்லை. ஆறு பாட்டில் மொத்தமாக எடுத்தால் விலை குறைப்பேன் என்றார் கடைக்காரர். எடுத்தேன். இரண்டைப் பேராசிரியருக்குக் கொடுத்தேன்.

ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் மூடியில் அளந்து ஊற்றினேன். அந்த அளவில் எனக்கு ஒரு பக்தியே வந்துவிட்டது. வெளியே சிந்தினால் துடைத்துவிட்டு மறுபடி அரை மூடி விடுவேன். மருந்து இருக்கிற தைரியத்தில் வண்டியை விரட்டவும் ஆரம்பித்தேன். அப்பா அதை 60-க்கு மேல் தொட்டதில்லை. நான் ஈசிஆரில் புதுச்சேரி வரைக்கும் 80, 90 என்று போனேன்.

அப்புறம் அந்த அதிசயம் நடந்தது. டிக் டிக் குறைய ஆரம்பித்தது.

முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். வயசாகிறதே. என் மனைவியிடம் கேட்டேன், அவளும் “ஆமாம், முன்ன மாதிரி கத்தல” என்றாள். வாரா வாரம் எஞ்சின் இன்னும் பதமாகிக்கொண்டே வந்தது. சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் “புது எஞ்சினா சார்?” என்று கேட்கிற அளவுக்கு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு. பூச்சு! நான் படித்த அதே பூச்சு சீட்டிலும் படிந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பானெட்டைத் திறந்துவைத்து எல்லாரையும் கேட்கச் சொன்னேன். பேராசிரியர் குனிந்து காதைக் கொடுத்துவிட்டு, “என் வண்டியிலும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு சார்” என்றார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

இடையில் பிரேக் வேலைக்காகப் பாயிடம் போயிருந்தேன். வண்டி உள்ளே நுழையும்போதே வேறு வண்டியில் வேலையாக இருந்தவர் தலையைத் தூக்கினார். “என்ன சார், சத்தத்தையே காணோம்?”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பாட்டில் கதையை முழுசாகச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “ராக்கர் கவரைத் தொறந்து ஒரு பார்வை பாத்துடட்டுமா?” என்றார். அவசரமாகப் போக வேண்டும், இன்னொரு நாள் என்றேன். அப்படி ஒன்றும் அவசரமில்லை. நன்றாக ஓடுகிற எஞ்சினை எதற்குக் கிளறுவது என்ற எண்ணம்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள், கோவளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மனைவி கூட இருந்தாள். மேட்டில் ஏறவில்லை, நின்றால் ஐடிலிங் தள்ளாடியது, சைலன்சரில் புஸ் புஸ் என்று ஒரு சீரான ஒலி. கார்புரேட்டரில் தூசி என்று அவளுக்கு விளக்கினேன். மூன்று சிலிண்டரில் ஊர்ந்து, லாரிக்காரர்கள் ஹாரனைத் தாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகு பட்டறைக்கு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. பாய் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. ராக்கர் கவரின் நட்டுகளைக் கழற்றி, கவரை எடுத்துத் துணிமேல் கவிழ்த்து வைத்தார். கிராங்க்கைச் சுற்றி, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தார். முதல் எக்ஸாஸ்ட்டில் பத்து தௌ தகடு போகவில்லை. ஆறு இறுக்கமாகப் போனது. அதைச் சொல்லவில்லை, தகட்டை எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு முறை தூக்கிக் காட்டினார். இன்லெட்டுகள் சரியாக இருந்தன. அப்புறம் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட். பத்தை எடுக்கவே இல்லை, நேராக ஆறில் ஆரம்பித்தார். போகவில்லை. நாலு. போகவில்லை. விசிறி மாதிரி விரிந்திருந்த தகடுகளில் கடைசியாக இருந்ததைப் பிரித்தெடுத்தார். ஒன்றரை தௌ, ஊதினால் ஆடும். அதை ராக்கர் மூக்குக்கு அடியில் வைத்துத் தள்ளினார். தகடு வளைந்தது. உள்ளே போகவில்லை. ராக்கரை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. “நீங்க ஆட்டுங்க சார்” என்றார்.

விரலை வைத்தேன். அசையவில்லை. கல் மாதிரி இருந்தது.

சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்து மேலே ஏற ஏற அதன் தண்டும் ராக்கரை நோக்கி ஏறும், இடைவெளி சுருங்கும், சுருங்கச் சுருங்கத் தட்டுகிற சத்தம் குறையும். இது என் நோட்டிலேயே இருந்தது. வால்வு அமிழ்ந்தால் டேப்பெட் கேப் குறையும் என்று என் கையெழுத்தில், சிவப்பு அடிக்கோட்டோடு. கேப் குறைந்தால் சத்தமும் குறையும் என்று நான் எழுதி வைக்கவில்லை. அதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பக்கத்து ஆட்டோக்காரர் பாராட்டியது, மனைவி ஒத்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து நான் ஊரைக் கூட்டிக் கேட்கச் சொன்னது, எல்லாம் மூன்றாம் நம்பர் எக்ஸாஸ்ட் வால்வு அமிழ்ந்துகொண்டிருந்த ஓசை. இல்லை, ஓசையின்மை. பாய் என் முகத்தைப் பார்க்காமல் தகடுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பெட்டியில் வைத்தார்.

ஹெட்டைக் கழற்றியபோது மிச்சமும் தெரிந்தது. மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வு பள்ளத்துக்குள் போயிருந்தது. முழுசாக மூட முடியாமல் ஓரத்தில் எரிந்து ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. வால்வின் சூடு பெரும்பாலும் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகும். சீட்டில் படியாத வால்வு சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் எரிந்துபோகும். பிளக்குகளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு பாய் கேட்டார்: “என்ன சார் ஊத்துனீங்க?” மிச்சமிருந்த பாட்டிலை டிக்கியிலிருந்து எடுத்து வந்தேன். அவருக்குப் படித்துச் சொல்லத்தான் முதன்முதலாகப் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஆக்டேனைக் கூட்டும். நாக்கிங்கைக் குறைக்கும். இன்ஜெக்டர்களைச் சுத்தமாக வைக்கும். ஹெரால்டில் இன்ஜெக்டரே கிடையாது, கார்புரேட்டர்தான். வால்வு சீட் பற்றி ஒரு சொல் இல்லை. உள்ளே என்ன உலோகம் என்றும் இல்லை. பிளக்கின் நிறத்தைப் பார்த்தால் இரும்பாக இருக்கலாம். ஈயத்துக்கு மாற்று என்று முன்பக்கம் போட்டிருந்தது பொய்யும் அல்ல. ஈயம் செய்த இரண்டு வேலையில் ஒன்றுக்கு அது மாற்றுதான். எனக்குத் தேவைப்படாத அந்த ஒன்றுக்கு. பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே ஹெரால்டுக்குத் தாராளம்.

“சரியான பாட்டிலா இருந்தா தாங்கியிருக்குமா பாய்?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். நீங்க ஓட்டுன ஓட்டத்துக்கு எவ்ளோ தாங்கும்னு கேப்பைப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பெட்ரோலில் ஈயம் நின்ற பிறகும் ஊருக்குள் மெதுவாக ஓடிய எத்தனையோ ஹெரால்டுகளும் அம்பாசடர்களும் எந்தப் பாட்டிலும் இல்லாமல் ஓடின. எஞ்சின் இறக்குகிற சமயத்தில் லேத்தில் கொடுத்து எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான சீட் ரிங் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பாய் முதல் நாள் ‘ஹெட்டு ஒரிஜினல்’ என்று சொன்னதன் பொருள் அதுதான். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ரிங் போடுகிற வேலை லேசில் முடியவில்லை. மூன்றாவது சீட் ஏற்கெனவே ஆழமாகத் தேய்ந்திருந்ததால், இன்னும் கடைந்தால் தண்ணீர் ஓடும் அறையில் ஓட்டை விழலாம் என்று லேத்காரர் பயந்தார். விழுந்தால் தன் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்கினார். விழவில்லை. நான்கு ரிங், நான்கு புது எக்ஸாஸ்ட் வால்வு, கைடுகள், ஹெட்டைச் சமன் செய்தது, கேஸ்கெட் என்று செலவு நாற்பதாயிரத்தை நெருங்கியது. வால்வுகளைத் தேடிப் புதுப்பேட்டையில் அலைந்தது தனி. வீட்டில் இந்தத் தொகையை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு மாதங்களில் சொன்னேன்.

பணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது பேராசிரியருக்குப் போன் செய்வது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு நாளும் அவர் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. விஷயத்தைச் சொல்லி, பாட்டிலை ஊற்ற வேண்டாம், சத்தம் குறைந்தது நல்லதல்ல, உடனே கேப் பாருங்கள் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி சார்” என்றார். மாரிஸுக்குப் பன்னிரண்டு தௌ இருக்க வேண்டும். இரண்டு எக்ஸாஸ்ட் ஏழுக்கு வந்திருந்தன. அவர் விரட்டி ஓட்டுகிறவர் இல்லை, தப்பித்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், நன்றாகத்தான் பேசுகிறார். வண்டியில் ஏதாவது சந்தேகம் என்றால் மட்டும் பாய்க்குப் போன் போடுகிறார்.

இப்போது ஹெரால்டு பழையபடி கத்துகிறது. ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி, பாயிடம் கற்றுக்கொண்டு, எட்டு வால்வையும் நானே பார்த்து எண்களைத் தேதியோடு எழுதி வைக்கிறேன். கைக்கு அடக்கமான வேலை. எந்த வால்வைச் சரிபார்க்க எது முழுசாகத் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு: இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஒன்றாம் வால்வைப் பார்க்க எட்டாவது திறந்திருக்க வேண்டும், மூன்றுக்கு ஆறாவது.

போன மாதம் வேறு ஒன்று கிளம்பியது. கேரேஜில் பெட்ரோல் வாடை. பாய் வந்து பார்த்து, பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் பிசுபிசுத்துப் போயிருப்பதையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் விறைத்திருப்பதையும் காட்டினார். 2023-லிருந்து பங்க்குகளுக்கு வரத் தொடங்கி இப்போது எங்கும் அதுதான் என்றாகிவிட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல், பழைய ரப்பரைச் சும்மா விடுவதில்லை. ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். எத்தனாலைத் தாங்குகிற புது ஹோஸும் டயஃப்ரமும் வாங்கிவரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

ஜி.பி. ரோட்டில் அதே கடை. ஹோஸை அளந்து வெட்டிக்கொண்டே கடைக்காரர், எத்தனாலுக்கென்றே புதுசாக வந்திருப்பதாக ஒரு பாட்டிலை என் முன்னால் வைத்தார். பழைய வண்டிகளுக்கு ரொம்ப நல்லது என்றார். வாங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்தத் தடவை பின்பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் எடுத்தேன். பாயிடம் இன்னும் சொல்லவில்லை.